கடற்கரை ஊரில் பழைய கொம்பியூட்டர்: பொலித்தீனில் சுற்றி வைத்தால் போதுமா?

2024 ஓகஸ்ட் 18, கேள்வி (கல்முனையிலிருந்து ஒருவர்)

என்னிடம் பழைய கொம்பியூட்டர் பதினொன்று இருக்கு. ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி, வாயை டேப்பால் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பக்கெற் நாலு போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கிவிட்டேன். மாரி தொடங்க முதல் வேலை முடிந்தது. இது போதும் என்பது என் எண்ணம். பிழை என்றால் சொல்லுங்கள்.

2024 ஓகஸ்ட் 18, இரவு

பிழை. முதலில் அந்தப் பொலித்தீனைக் கழற்றுங்கள் தம்பி.

நான் இருப்பது மட்டக்களப்பில், கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவில் என் வீடு. பதினான்கு கணினியும் ஆறு மொனிற்றரும் ஓர் அறையை விழுங்கிக்கொண்டு கிடக்கின்றன. மனிசி அந்த அறையைச் "சவச்சாலை" என்பா. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

பொலித்தீன் ஈரத்தை வெளியே நிறுத்தும் என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதும் அதே பொலித்தீன்தான். பகலில் அறை சூடேற, மட்டையிலும் ஸ்பொஞ்சிலும் இருக்கும் ஈரம் பைக்குள்ளே காற்றில் ஏறும். விடியப்புறம் குளிர்ந்ததும் அது எங்கே போகும்? தகட்டில் வந்து குந்தும். ஐஸ் தண்ணீர்க் குவளை வேர்ப்பது போலத்தான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் பார்க்காத நேரத்தில் நடக்கும்.

நான் துணிதான் போர்த்துகிறேன். மருதமுனைக் கைத்தறி விரிப்பு, வீட்டில் போட்டுக் கிழிந்தது. தூசியைத் தடுக்கும், காற்றை விடும். மாதம் ஒருக்கா ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் ஓட விடுவேன். அதன் சூடே அதைக் காயவைத்துவிடும். பழுதாவது வயதால் இல்லை, சும்மா கிடப்பதால்.

2024 ஓகஸ்ட் 19, காலை

இரவு எழுதும்போது முதலில் எழுத வேண்டியதை விட்டுவிட்டேன். பற்றரி.

பொலித்தீன், துணி, பெட்டி எல்லாம் பிறகு பார்க்கலாம். பதினொன்றையும் திறந்து உள்ளே இருக்கும் பற்றரியை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள்.

286, 386 என்ற பழைய கணினிகளின் போர்டுகளில் விசைப்பலகை சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன உருளை ஒன்று ஈயத்தால் ஒட்டியிருக்கும். 3.6 வோல்ற், நிக்கல் கட்மியம். என்னுடைய 386 ஐ மூன்று வருடம் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்தபோது அந்த உருளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் நீலமும் கலந்த மாவு பூத்திருந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பல் துலக்கும் பிரஷால் தட்டியபோது மாவோடு சேர்த்து மூன்று செப்புக் கோடுகளும் போர்டிலிருந்து உரிந்து வந்தன. தலைமயிர் போல மெல்லிய வயரால் அந்த மூன்றையும் மீண்டும் இணைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

பலர் அதை அமிலம் என்கிறார்கள். அமிலம் இல்லை, காரம். பொட்டாசியம் ஐதரொட்சைட்டு. அதனால்தான் வினாகிரி தேவை. தொட்டு வைத்தால் நுரைக்கும். நுரை நின்றதும் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு ஸ்பிரிற்றால் துடைத்து, வெயில் படாத இடத்தில் காயவிடுங்கள். அப்பச்சோடாவைக் கொண்டு போகாதீர்கள். அதுவும் காரம்தான்.

அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் "என் போர்டில் பற்றரி இல்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அடியில் ஒரு மூடி இருக்கிறது, கழற்றிப் பாருங்கள். நினைவகம் கூட்டும் அட்டை அங்கே சொருகியிருந்தால், பற்றரி அதில்தான் இருக்கும்.

2024 ஓகஸ்ட் 25

எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஏசி இல்லை. கரண்ட் பில் கட்டி ஏசி போட்டு அதற்குள் 386 ஐப் படுக்கவைக்கிற அளவுக்கு நான் வசதிக்காரன் இல்லை.

என் வழி அம்மாவிடமிருந்து வந்தது. மாரி காலத்தில் பட்டுச்சேலை அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்ப் எரியும். சேலையில் பூஞ்சணம் பிடிக்காது. அதே அலுமாரிதான் இன்று என்னிடம் இருக்கிறது. மேல்தட்டில் ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கணினி, அமிகா, கசெற் ரேப்புகள். கீழே 40 வாற் பல்ப்.

கணக்குச் சுலபம். அறை 30 பாகை, ஈரப்பதம் 85 வீதம். அதே காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 64 ஆக இறங்கும். ஒரு துளித் தண்ணீரையும் வெளியேற்றவில்லை, ஆனால் பூஞ்சணத்துக்குத் தேவையான 70 க்குக் கீழே வந்துவிட்டோம். வெறும் ஐந்து பாகை.

எல்ஈடி பல்ப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதாதீர்கள். அது அந்தளவுக்குச் சூடாகாது. குண்டு பல்ப் இப்போது எல்லாக் கடையிலும் இல்லை. திருமலை வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் கிடைத்தது. கடைக்காரர் "கோழிக்குஞ்சு வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

2024 ஓகஸ்ட் 27

ஏறாவூர் காக்கா (அண்ணன்) எழுதியது சரி. 40 வாற் பல்ப் அளவுக்கு மிஞ்சிய சூடு.

மின்பகுப்புக் கொள்ளளவிகள், அதாவது போர்டில் நிற்கும் சின்ன ரின்கள், பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது ரேடியோ திருத்துகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய கணக்கு. நான் பூஞ்சணத்தைப் பார்த்து இதை மறந்துவிட்டேன். நேற்று அலுமாரி மேல்தட்டில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். 43. சேலை தாங்கும், கொள்ளளவி தாங்காது. 15 வாற்றுக்கு இறக்கி, கதவில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டேன். இப்போது 35, 36 இல் நிற்கிறது.

காக்கா கேட்ட மற்றது: இல்லை, என்னிடம் கேப்ரோ என்ற பழைய கணினி இல்லை. 1982 இல் வந்தது, ஏறக்குறைய 12 கிலோ, தையல் மெசின் போலக் கைபிடித்துத் தூக்கிப் போகலாம் என்று விற்றார்கள். கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து அமெரிக்காவில் இருந்த திரைப்பட இயக்குநர் பீற்றர் ஹயம்ஸுடன் கடிதம் பரிமாறினார். அந்த நாளில் எங்கள் ஊரில் ஒரு ட்ரங் கோல் எடுக்க எத்தனை மணி நேரம் குந்தியிருந்தோம் என்பது காக்காவுக்குத் தெரியும். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். எங்கே வைப்பேன் என்று கேட்காதீர்கள்.

2024 செப்டெம்பர் 8

ஈரத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். உப்பை ஒருவரும் தொடவில்லை.

யன்னல் கம்பியை விரலால் தடவி நக்கிப் பாருங்கள். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடலுக்கு அரை மைலுக்குள் இருந்தால் கரிக்கும். அதே படலம்தான் உங்கள் மெசினின் தகட்டிலும் இருக்கிறது. தனி உப்பு ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் தண்ணீராக இளகும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 வீதத்திலேயே இளகத் தொடங்கும். அப்படியென்றால் எங்கள் ஊரில் அது எப்போதும் ஈரம்தான், உலர்ந்த கச்சான் காற்று அடிக்கும் மத்தியானம் ஒன்றிரண்டு தவிர. வீட்டில் உப்புச் சட்டி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பல்பு எரிந்தாலும் உப்புப் படிந்த தகடு துருப்பிடிக்கும். முதலில் உப்பை எடுக்க வேண்டும். வெளிக்கூட்டைக் கழற்றி, தகட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, அப்புறம்தான் உள்ளே வைப்பது. கார் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் எந்தக் கடையிலும் கிடைக்கும். "பற்றரி வோட்டர்" என்ற பெயரில் சிலர் அமிலம் கலந்ததைத் தருவார்கள், பார்த்து வாங்குங்கள்.

அறையின் கிழக்கு யன்னலை நான் இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. கச்சான் காலத்தில் மேற்கு யன்னலை மட்டும் திறப்பேன். அது தரையிலிருந்து வரும் காற்று. உதட்டை வெடிக்கவைக்கும், ஆனால் உலர்ந்தது. வாவித் தண்ணீரும் உவர்தானே என்று கேட்பீர்கள். உவர்தான், ஆனால் வாவியில் அலை அடித்துத் தெறிப்பதில்லை.

2024 செப்டெம்பர் 21

சிரிப்புக்கு ஒன்று. 1990 இல் வந்த சின்ன அப்பிள் மக் கணினி ஒன்று இருக்கிறது, 9 அங்குலத் திரையும் உடலும் ஒன்றாக இருக்கும் அந்த வகை. ஒலி கம்மிப் போச்சு. போர்டை எடுத்து, கசிந்த கொள்ளளவிகளைச் சூட்டுக்கோலால் கழற்றினேன். அந்தக் காலத்துச் சின்னக் கொள்ளளவிகள் யாருடைய போர்டில் இருந்தாலும் கசியும். கசிந்ததைச் சூடாக்கினால் மீன் நாற்றம் அடிக்கும். மீன் என்றால் பச்சை மீன் இல்லை.

குசினியிலிருந்து குரல் வந்தது: "இஞ்சேருங்க, கருவாட்ட எங்க வெச்சிரிக்கிங்க?"

இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. வந்து மேசைக்கு அடியில் பார்த்தா. மறுகா பூனையும் வந்தது.

அந்த மக்கிலும் பற்றரி உண்டு. விரல் மொத்தத்தில் அரைவாசி நீளம், 3.6 வோல்ற், லித்தியம். அது கசிவதோடு நிற்காது, வெடித்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும். என்னுடையதை 2019 இல் எடுத்துவிட்டேன். இந்த இழையில் நான் சரியாகச் செய்ததாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் போல.

2024 ஒக்டோபர் 6

கல்முனைத் தம்பி விடுவதாக இல்லை. "பொலித்தீன் கூடாது என்கிறீர்கள், சிலிக்கா பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று திரும்பவும் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடிக்காத விடைதான் வருகிறது.

30 பாகையில் 80 வீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 24 கிராம். தம்பியின் பெட்டி 50 லீற்றர். அதற்குள் இருக்கும் காற்றில் உள்ள தண்ணீர் 1.2 கிராம். தேக்கரண்டியில் கால்வாசி. சிலிக்கா தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழுக்கும். ஆக காற்றைக் காயவைக்கப் பத்துக் கிராம் சிலிக்கா தாராளம்.

ஆனால் தண்ணீர் காற்றில் இல்லை, மட்டையில் இருக்கிறது. இந்த ஈரத்தில் கிடக்கும் கடதாசியும் மட்டையும் தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை வைத்திருக்கும். ஒரு கிலோ கையேடும் மட்டைப்பெட்டியும் உள்ளே போனால் நூறு கிராம் தண்ணீரும் கூடவே போகிறது. அந்த நாலு பக்கெற் ஒரு வாரத்தில் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அவை வெறும் மணல்.

ஆக தம்பியின் முறை பிழை இல்லை. அவர் எதைச் சேர்த்து மூடினார் என்பதுதான் கேள்வி. கையேட்டையும் ஸ்பொஞ்சையும் மட்டையையும் வெளியே எடுத்துவிட்டு, மெசினை மட்டும் கச்சான் காலத்து மத்தியானத்தில் காயவைத்து, அதே கையோடு அரைக்கிலோ சிலிக்காவோடு மூடினால் நிற்கும். ஓகஸ்டில் செய்தேன் என்றீர்கள். அப்படியானால் என்னைவிட நல்ல காலம் பார்த்துத்தான் செய்திருக்கிறீர்கள்.

சிலிக்கா நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்துத் திரும்பவும் போடலாம். நீல நிறச் சிலிக்காவில் கோபாற்று உப்பு இருக்கிறது, நஞ்சு. சோறு கறி சமைக்கும் தாச்சியில் வறுக்காதீர்கள். செம்மஞ்சள் நிறத்தை வாங்குங்கள், அதற்கும் பழைய தாச்சி ஒன்றை ஒதுக்குங்கள்.

அரிசி போட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. அரிசி போட்டால் வண்டு வரும், வண்டுக்குப் பின்னால் பல்லி வரும்.

2024 ஒக்டோபர் 20

பல்லி என்றதும் மொனிற்றர்களைத் திறந்து பார்த்தேன். ஆறில் இரண்டுக்குள் முட்டை. வெள்ளை மிட்டாய் போல இரண்டிரண்டாக ஒட்டி வைத்திருக்கிறது, அதுவும் உயர் மின்னழுத்த வயர் போகும் பக்கத்தில். முட்டையால் பழுது வராது. குடும்பமாகக் குடியிருக்கும்போது நீங்கள் சுவிட்சைப் போட்டால்தான் வரும். மொனிற்றரின் படக்குழாய்க்குள் பல நாள் கழிந்தும் மின்னேற்றம் நிற்கும், கை விடுமுன் தெரிந்தவரிடம் கேளுங்கள். காற்றுத் துளைகளுக்கு நைலோன் நுளம்புவலை ஒட்டியிருக்கிறேன். ஓட விடும்போது கழற்ற வேண்டும். ஒருமுறை மறந்தேன், அது தனிக்கதை.

கறையானைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. 286 இன் கையேட்டை முழுதாக வாசித்து முடித்தது வீட்டில் அது மட்டும்தான்.

2024 நவம்பர் 26, இரவு

மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர் முற்றத்தில். கரண்ட் பின்னேரம் போனது. மொனிற்றர்களைக் கட்டில் மெத்தையில் கண்ணாடி முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தாயிற்று. நாங்கள் கூடத்தில் பாயில். தம்பி, கல்முனைப் பக்கம் எப்படி?

2024 நவம்பர் 27

இரண்டாம் படியில் நிற்கிறது. ஃபோனில் சார்ஜ் 11 வீதம்.

2024 டிசெம்பர் 8

வீட்டுக்குள் வரவில்லை. படியோடு நின்று, அடுத்த நாள் இறங்கிவிட்டது. எத்தனையோ பேருக்கு அப்படி இல்லை. அதனால் அலுமாரியைப் பற்றி எழுதவே கூச்சமாக இருந்தது, இவ்வளவு நாள் எழுதவில்லை.

சரி, எழுதுகிறேன். கரண்ட் இல்லை என்றால் பல்ப் இல்லை. பல்ப் இல்லை என்றால் அம்மாவின் அலுமாரி வெறும் மரப்பெட்டி, அதுவும் நானே இரண்டு துளை போட்ட பெட்டி. திறந்தபோது ஈரப்பத மானி 91 காட்டியது. ரேப் பெட்டிகளில் சாம்பல் நிறப் பூ. அமிகாவின் கறுப்பு வயரில் வெள்ளைத் தூள். துணி போர்த்திய மொனிற்றரில் துணியே நனைந்து ஒட்டியிருந்தது. மருதமுனை நெசவைக் குறை சொல்ல மாட்டேன், பருத்தி உறிஞ்சும். உறிஞ்சுவதுதான் அதன் வேலை.

ஒக்டோபரில் கணக்குப் போட்ட பிறகு, தம்பியைப் பொய்யாக்குவதற்காகவே ஸ்பெக்ட்ரத்தை மட்டும் ஒரு மூடி இறுகிய பெட்டியில், அரைக்கிலோ சிலிக்காவோடு, சின்ன மானி ஒன்றையும் போட்டு மூடியிருந்தேன். வெள்ளம் வந்த அன்றும் அதில் 44. நேற்றும் 44.

இந்த இழையின் முதல் வரியைத் திருத்த வழியில்லை. இருந்தால் திருத்தியிருப்பேன். தம்பி, பொலித்தீனைக் கழற்றியிருந்தால் மன்னிக்கவும்.

2024 டிசெம்பர் 9

கழற்றவில்லையாம். "நீங்க சொன்னது எனக்குச் சரியாப் படல்ல அண்ணன், ஆனா எழுத வெக்கமா இருந்திச்சி" என்கிறார். நல்லது.

2024 டிசெம்பர் 26

சுனாமி வந்து இருபது வருடம். காலையில் கடற்கரைக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தோம்.

பொலித்தீன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஏறாவூர் காக்கா அன்றைக்கு ஒரு வரி கேட்டிருந்தார். பதில் எழுதாமல் விட்டேன். உடனே தெரியவும் இல்லை. இன்று வரும் வழியில்தான் விளங்கியது.

2004 இல் என்னிடம் இருந்தவை நாலு. ரைப்பிங் வகுப்பு நடத்திய காலத்து எக்ஸ்ரி (286 க்கும் முந்திய வகை) ஒன்று, இரண்டு 286, மைத்துனர் லண்டனிலிருந்து அனுப்பிய முதலாவது ஸ்பெக்ட்ரம். வீடு கடலுக்கு இதைவிடக் கிட்ட. அலை வளவுக்குள் இடுப்புக்கு மேலே வந்து போனது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் யார் கணினியை நினைத்தது? முகாம், தேடல், மரணச் சடங்கு. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பெப்ரவரி நடுவில் வீட்டைத் துப்புரவு செய்யப் போனபோது எல்லாம் மணலுக்குள் கிடந்தன. எக்ஸ்ரியும் 286 களும் திறந்தபடி நனைந்து, வெயிலில் காய்ந்து, உப்புப் பொருக்கோடு இருந்தன. ஸ்பெக்ட்ரத்தை மட்டும் நான் தடித்த பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தேன். அது தப்பியிருக்கும் என்று நம்பி அதைத்தான் முதலில் எடுத்தேன். பை பாரமாக இருந்தது. டேப்பின் ஓரத்தால் கடல் உள்ளே போயிருக்கிறது, பிறகு வெளியே வர வழியில்லை. ஒன்றரை மாதம் கடல் தண்ணீருக்குள் ஊறியிருக்கிறது. அறுத்து ஊற்றினேன். தண்ணீர் பச்சை. சிப்புகளின் கால்கள் இல்லை. கால் இருந்த இடத்தில் களிம்பு, தொட்டால் கரைந்தது. விசைகளைச் சுற்றி இருந்த உலோகத் தகடு விரலோடு வந்தது.

திறந்து கிடந்த 286 இல் ஒன்று பிறகு வேலை செய்தது.

அப்போது செய்திருக்க வேண்டியது இப்போது தெரியும். உப்புத் தண்ணீரில் விழுந்தால் காயவிடக் கூடாது. உடனே நல்ல தண்ணீரில், கிணறு உவராகிவிட்டால் போத்தல் தண்ணீரில், திரும்பத் திரும்ப அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவி, அதன் பிறகே காயவைக்க வேண்டும். நனைந்த போர்டைக் கழுவ மேலும் தண்ணீர் ஊற்றுவது என்றால் கை வராது. ஆனால் அதுதான் வழி. அந்த வருடம் இது தெரிந்திருந்தாலும் நல்ல தண்ணீரைக் கணினிக்கு ஊற்றியிருக்க மாட்டேன்.

2024 டிசெம்பர் 27

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களை வாசித்தேன். தனித்தனியாகப் பதில் போடவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும்: வெள்ளம் வரும் ஊரில் மூடிய பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள். மிதக்கும், கவிழும், மூடி திறக்கும். இடுப்புக்கு மேலே றாக்கை அடித்து அதில் வையுங்கள். பெட்டியைச் சுவரோடு கட்டுங்கள்.

2025 ஜனவரி 5

புளொப்பி வட்டுகள். வெள்ளத்துக்குப் பிறகு இவற்றைப் பார்க்க இன்றுதான் மனம் வந்தது.

அறுபது அளவில் 5.25 அங்குலம், இருநூறுக்குக் கிட்ட 3.5. வட்டில் மங்கலான வெள்ளைப் பொட்டுகள், சாய்த்துப் பிடித்தால் தெரியும். அவசரத்தில் ஒன்றைச் சொருகினேன், பெரிய மடைத்தனம். வட்டை வாசிக்கும் தலை பூஞ்சணத்தைச் சுரண்டி ஏற்றிக்கொண்டது. அடுத்துப் போட்ட நல்ல வட்டு இரண்டில் வட்டமாகக் கோடு விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பூஞ்சணம் பிடித்த வட்டை ஒருபோதும் நேரே சொருகாதீர்கள். 5.25 என்றால் உறையின் ஓரத்தை வெட்டி, வட்டை வெளியே எடுத்து, ஐசோபுரோபைல் ஸ்பிரிற்றால் பஞ்சு வைத்து மெல்லத் துடைத்து, காய்ந்ததும் வேறு சுத்தமான உறைக்குள் போட்டு, ஒரே ஒருமுறை வாசித்து, அப்போதே பிரதி எடுத்துவிடுங்கள். நான் கிரீஸ்வீசல் என்ற சின்ன அட்டையைப் பயன்படுத்துகிறேன். அது கோப்பைப் பார்ப்பதில்லை, வட்டில் இருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளும். பிழை இருந்தாலும் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

வந்தது என்ன தெரியுமா? வகுப்பு நடத்திய காலத்தில் காசுக்கு அடித்துக் கொடுத்தவை. கல்யாணக் கார்ட், கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்கு நோட்டீஸ், கந்தூரி அழைப்பு, மரண அறிவித்தல், காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் சொல்லச் சொல்ல நான் தட்டிய கடிதம். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தல்தான் வரும். எனக்கு மட்டும் அது வாசிக்க வருகிறது. விரல் மறக்கவில்லை.

மாதக்கணக்கில் மெசினைப் பற்றிச் சண்டை பிடித்தோம். இந்த வட்டுகள் அத்தனை நாளும் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துப் பெட்டியில் கிடந்தன. மட்டைப்பெட்டி, அதுவும் தரையில்.

2025 ஜனவரி 12

எழுபத்தி மூன்று வட்டு முடிந்தது. ஐந்து வாசிக்கவே முடியவில்லை. பிரதி எடுத்தவற்றை ரப்பர் வளையம் உள்ள பால்மா ரின்களில் சிலிக்காவோடு போட்டு மூடியிருக்கிறேன். பால்மா விலைக்கு ரின்னும் சும்மா வரவில்லை.

அந்தக் கடிதம் யாருடையது என்று தெரியும். அந்த அம்மா இப்போது இல்லை, மகள் இருக்கிறா. பொங்கல் கழிந்து போய்க் கேட்பேன், பிரதி வேண்டுமா என்று.

2025 ஜனவரி 19

கல்முனைத் தம்பி நேற்று வந்தார். வான் பிடித்து வந்திருந்தார். முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடச் சின்னப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. மூன்று மொனிற்றரும் 286 ஒன்றும் அவரோடு போய்விட்டன. பல்லி முட்டையோடு ஒன்று, சொல்லித்தான் கொடுத்தேன். மனிசி அந்த இடத்தில் உடனே தையல் மெசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டா. இனி அது போகாது.

போகுமுன் 386 ஐப் போட்டுப் பார்த்தோம். புளொப்பியிலிருந்துதான் எழும்பும். நினைவகத்தை எண்ணி, பற்றரி இல்லை என்று முறையிட்டு, ஒரு விசை தட்டியதும் டொஸ் இயங்குதளம் வந்தது. இன்றைய திகதி 1980 ஜனவரி 1 என்று காட்டி, புதுத் திகதியைக் கேட்டது. தம்பி இதை நேரில் கண்டதே இல்லையாம், ஃபோனில் படம் எடுத்தார்.

உருளைப் பற்றரியை அதில் திரும்ப ஒட்டமாட்டேன். போர்டில் வெளிப்பற்றரிக்கு நாலு ஊசி இருக்கிறது, வயர் இழுத்து மெசினுக்கு வெளியே தொங்கவிடப் போகிறேன். கசிந்தால் வெளியே கசியட்டும். சாதாரண பென்டோர்ச் பற்றரி நாலு போடும் பிளாஸ்டிக் கூடு வேண்டும், மூடியுள்ளது, வயர் வைத்தது. மட்டக்களப்பில் தேடிவிட்டேன், இல்லை. கொழும்பிலிருந்து இந்த மாதம் யாராவது வந்தால் இரண்டு வாங்கி வாருங்கள். பஸ்ஸுக்கு வந்து காசு தந்து வாங்கிக்கொள்வேன்.